கியர்பொக்ஸுக்கு முன்னால் எது உடைய வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. மோட்டர் நல்லாயிருக்கிறது, கியர்பொக்ஸ் மட்டும் போய்விடுகிறது. ஆகவே இந்த இதழின் பக்கத்தை முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். இனி எழுதுபவர்கள் மோட்டரின் கிலோவாட், சுற்று வேகம், கியர்பொக்ஸின் விகிதம், தகட்டில் உள்ள டோர்க் (முறுக்கும் வலு) அளவு ஆகிய நான்கையும் குறிப்பிட்டு எழுதினால் பதிலைக் கணக்கோடு சொல்ல முடியும்.

நெல் ஆலை உரிமையாளர், கிண்ணியா: எங்கள் நெல் எலிவேட்டருக்கு 5.5 கிலோவாட், 1440 சுற்று மோட்டர். 25க்கு 1 ஹெலிக்கல் கியர்பொக்ஸ், தகட்டில் 1000 நி.மீ. (நியூட்டன் மீட்டர்) என்று இருக்கிறது. அங்கிருந்து செயின் மூலம் மேல் ஷாப்ட்டுக்குப் போகிறது. ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை உள்ளே பல் உடைந்துவிட்டது. ஓவர்லோட் ரிலே இருக்கிறது, 14 அம்பியரில் வைத்திருக்கிறோம். இரண்டு முறையும் அது விழவே இல்லை. ரிலே பழுதா?

ரிலே பழுதில்லை. அது செய்ய வேண்டிய வேலை வேறு. மோட்டரின் சுருள் சூடாகி எரியாமல் காப்பதற்குத்தான் அந்த ரிலே. உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்தால்தான் அது விழும், அதற்கு நேரம் எடுக்கும். சாதாரணமாக நாம் பொருத்தும் 10ஆம் வகுப்பு ரிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். வைத்த அளவின் 7.2 மடங்கு கரண்ட் போனாலும் குளிர்ந்த நிலையிலிருந்து விழ 4 முதல் 10 செக்கன் எடுக்கலாம். ஒன்றரை மடங்கு என்றால், சூடான நிலையிலும் 4 நிமிடம் வரை தாங்கி நிற்கும். கியர் பல் உடைய ஒரு செக்கனில் சிறு பங்கு போதும்.

கணக்கைப் பாருங்கள். மோட்டர் தரும் டோர்க் தெரிய 9550ஐக் கிலோவாட்டால் பெருக்கிச் சுற்று வேகத்தால் வகுக்க வேண்டும். 9550 × 5.5 ÷ 1440 என்றால் 36.5 நி.மீ. அதை 25ஆல் பெருக்கி, கியருக்குள் வீணாகும் 5 சதவீதத்தைக் கழித்தால் வெளி ஷாப்ட்டில் ஏறக்குறைய 866 நி.மீ. உங்கள் 1000 நி.மீ. கியர்பொக்ஸுக்கு அது சரியான சுமைதான். ஆனால் இந்த மோட்டர் அடங்கி நிற்பதற்கு முன் தன் மதிப்பு டோர்க்கின் (முழுச் சுமைக்கென்று கணக்கிட்ட டோர்க்கின்) இரண்டரை மடங்கு வரை தள்ளும். அப்போது வெளியே 2160 நி.மீ.க்கு மேல் வருகிறது. பல கியர்பொக்ஸ் கம்பனிகள் கணநேரச் சுமையாகத் தகட்டு மதிப்பின் இரண்டு மடங்கு வரைதான் தாங்கும் என்று தங்கள் பட்டியலில் எழுதுகின்றன. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

இது மெதுவாக ஏறும் சுமையின் கதை. ஒரு கல்லோ, கழன்ற வாளியோ அடியில் சிக்கி எலிவேட்டர் சட்டென்று நின்றால் நிலைமை இன்னும் மோசம். 1440 சுற்றில் ஓடும் ரோட்டரில் ஏறக்குறைய 225 ஜூல் சக்தி சேர்ந்திருக்கும். 23 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கியர் பல்லின் மேல் போடுவதற்குச் சமம் அது. மோட்டர் கால் சுற்றுக்குள் நின்றது என்று வைத்துக்கொள்வோம். வெளி ஷாப்ட்டில் அது 3.6 பாகைதான், செயின் இறுகுவதற்கே சரியாகிவிடும். அந்தக் கால் சுற்றில் மோட்டர் ஷாப்ட்டில் சராசரியாக 143 நி.மீ. வரும். மதிப்பின் ஏறக்குறைய நான்கு மடங்கு. உச்சத்தில் அதன் இரட்டிப்பை எட்டும். இந்த அடிக்கு மின்சாரமே தேவையில்லை. அந்தக் கணத்தில் மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் ரோட்டர் தன் அடியை அடித்துவிட்டுத்தான் ஓயும்.

ஆகவே இரண்டு காவல் வேண்டும். மெதுவாக ஏறும் சுமைக்கு மின் காவல், திடீர் அடிக்கு இயந்திரக் காவல்.

முதலில் அந்த 14 அம்பியரைச் சரிசெய்யுங்கள். 5.5 கிலோவாட், 400 வோல்ட் மோட்டருக்குத் தகட்டில் ஏறக்குறைய 11 அம்பியர் இருக்கும். ரிலே அந்த அளவில்தான் நிற்க வேண்டும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் ரிலே எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மெயின் கொன்டாக்டருக்குக் கீழே, சுருளுக்குப் போகும் வயரில் இருந்தால் தகட்டு அளவை 0.58ஆல் பெருக்க வேண்டும், அதாவது 6.4 அம்பியர். அந்த இடத்தில் 11 வைத்தால் மோட்டருக்கே காவல் இல்லை. “அடிக்கடி விழுகிறது” என்று யாரோ திருகிவிட்ட ரிலேக்களை ஆலைகளில் நிறையக் காணலாம். விழுந்தது ஏதோ ஒன்றைச் சொல்வதற்காக விழுந்தது, அதைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது, எலெக்ட்ரோனிக் ஷொக் ரிலே, அதாவது கரண்ட் வைத்த அளவை மீறினால் சூடேறக் காத்திராமல் மோட்டரை நிறுத்தும் ரிலே. எலிவேட்டர் முழு நெல்லோடு ஓடும்போது கிளாம்ப் மீட்டரால் கரண்டை அளந்துகொள்ளுங்கள். 8 அம்பியர் காட்டினால் ஷொக் ரிலேயை 10இல் வையுங்கள். தொடக்கத்தில் பாயும் கரண்டைக் கணக்கில் எடுக்காமல் விட ஒரு நேரமும், மீறினால் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று இன்னொரு நேரமும் அதில் வைக்கலாம். முதலாவதை மோட்டர் முழு வேகம் பிடிக்கும் நேரத்தைவிட ஒரு செக்கன் கூடுதலாகவும், இரண்டாவதை அரைச் செக்கனாகவும் வைத்துத் தொடங்குங்கள். அதன் தொடர்பைக் கொன்டாக்டரின் கொயில் வயரில் தொடராகப் போட்டால் போதும்.

மூன்றாவது, உங்கள் இடத்துக்கு மிகவும் பொருந்துவது. கியர்பொக்ஸின் வெளி ஷாப்ட்டில் இருக்கும் ஸ்ப்ரொக்கெட்டைக் கழற்றி, அதே இடத்தில் டோர்க் லிமிட்டரோடு (வைத்த டோர்க்கை மீறினால் வழுக்கிவிடும் கருவியோடு) கூடிய ஸ்ப்ரொக்கெட்டைப் போடுங்கள். 1300 நி.மீ.யில் வையுங்கள். மோட்டரின் 866க்கு ஒன்றரை மடங்கு, கியர்பொக்ஸின் 2000க்கு நன்றாகக் கீழே. சிக்கல் வருவது செயின் பக்கத்திலிருந்து, லிமிட்டரும் அந்தப் பக்கமே நிற்கிறது. மோட்டருக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் வைத்தால் சிறிய, மலிவான லிமிட்டர் போதும், ரோட்டரின் அடியையும் துண்டித்துவிடும். ஆனால் அங்கே ஒரு நி.மீ. பிசகினால் வெளியே 25 நி.மீ. பிசகும். கிட்டத்தட்ட ஒரே சுமையில் ஓடும் பெரிய கன்வேயருக்கு அந்த இடம் சரி, கல் சிக்கக்கூடிய எலிவேட்டருக்கு வெளிப்பக்கம்தான் நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எலிவேட்டர் நிறைய நெல் இருக்கும்போது கரண்ட் போகிறது. ஊட்டும் கன்வேயரில் மிச்சமிருந்ததும் அடியில் குவிகிறது. கரண்ட் வந்ததும் பொத்தானை அழுத்துகிறார்கள். பல் உடைவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். அடிப்பெட்டியின் கதவைத் திறந்து நெல்லை வாரி எடுத்த பின்தான் தொடங்க வேண்டும் என்று சுவிட்சுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். கீழ்க் கப்பியில் வேகம் பார்க்கும் சென்சர் ஒன்று வைத்து, வேகம் குறைந்தால் ஊட்டும் கன்வேயர் முதலில் நிற்கும்படி வயர் கொடுங்கள்.

கடைசல் பட்டறை, மூதூர்: உமி தள்ளும் ஸ்க்ரூ கன்வேயருக்கு ஷியர் பின் (சுமை மீறினால் தான் வெட்டுப்பட்டு மற்றதைக் காக்கும் பின்) செய்து கொடுக்கிறோம். வாரம் ஒன்று உடைகிறது என்று ஆலைக்காரர் திட்டுகிறார். கடைசியாக 8.8 என்று தலையில் எழுதிய 10 மி.மீ. போல்ட் போட்டோம், உடையவில்லை. சரியா? வெளி ஷாப்ட்டில் மதிப்பு டோர்க் 750 நி.மீ., பின் இருக்கும் வட்டத்தின் ஆரம் 60 மி.மீ.

தயவுசெய்து அந்தப் போல்ட்டை இன்றே கழற்றுங்கள். 8.8 போல்ட்டின் இழுவை வலிமை சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன். வெட்டும் வலிமை அதில் ஏறக்குறைய 60 சதவீதம், 480 என்று வையுங்கள். நூல் இல்லாத 10 மி.மீ. தண்டின் பரப்பு 78.5 சதுர மி.மீ. இரண்டையும் பெருக்கி 0.06 மீட்டரால் பெருக்கினால் 2260 நி.மீ. வருகிறது. மதிப்பின் மூன்று மடங்கு! இப்போது அந்த இயந்திரத்தில் ஷியர் பின் கியர் பல்தான்.

சரியான பின்னின் கணக்கு இது. 1300 நி.மீ.யில் உடைய வேண்டும் என்று முடிவு செய்வோம், மதிப்பின் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் கீழே. 1300ஐ 0.06ஆல் வகுத்தால் பின்மேல் விழும் விசை 21,670 நியூட்டன். சாதாரண மைல்ட் ஸ்டீலின் வெட்டு வலிமையை 300 என்று எடுத்தால் தேவையான பரப்பு 72 சதுர மி.மீ., விட்டம் 9.6 மி.மீ. 12 மி.மீ. தண்டை எடுத்து, இரண்டு ஃபிளாஞ்சும் சந்திக்கும் இடத்தில் மட்டும் 9.6க்குப் பள்ளம் கடையுங்கள். ஆனால் துளை 12 மி.மீ. என்பதால் சாதாரண போல்ட்டும் அந்த இடத்தில் போகும், அப்படி எதையும் யாரும் செருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 

300 என்பது கணக்குத் தொடங்க மட்டும். இரும்புக்கடையில் மைல்ட் ஸ்டீல் என்று தரும் தண்டுகளின் வலிமை தண்டுக்குத் தண்டு மாறும். ஒரே தண்டிலிருந்து பத்துப் பின் கடையுங்கள். அதில் மூன்றைக் கேஜ் பொருத்திய ஹைட்ரோலிக் பிரெஸ்ஸில் வெட்டிப் பாருங்கள். 21 முதல் 22 கிலோநியூட்டனுக்குள் வெட்டுப்பட்டால் மிச்ச ஏழையும் கம்பியில் கோத்து ஆலைக்குக் கொடுக்கலாம். கூடினால் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் கடையுங்கள். அடுத்த தண்டு வந்தால் மீண்டும் சோதனைதான்.

பின்னை ஷாப்ட்டின் ஊடாகக் குறுக்கே செருகும் வகை என்றால் கணக்கு வேறு. அங்கே பின் இரண்டு இடத்தில் வெட்டுப்படுகிறது. டோர்க்கை ஷாப்ட்டின் விட்டத்தால் வகுத்தால் ஓர் இடத்துக்கான விசை கிடைக்கும். 50 மி.மீ. ஷாப்ட்டில் அதே 1300 நி.மீ.க்கு 26,000 நியூட்டன், அதாவது 10.5 மி.மீ. பின். இரண்டு வெட்டையும் ஒன்றாக எண்ணிப் பின்னை இரண்டு மடங்கு பலமாகச் செய்துவிடும் பிழை பட்டறைகளில் சாதாரணம்.

இனி வாரம் ஒன்று ஏன் உடைகிறது என்ற கேள்வி. உடைந்த துண்டை உற்றுப் பாருங்கள். வெட்டுமுகம் தட்டையாக, ஒரு பக்கம் இழுபட்டு, கத்தியால் வழித்தது போல மினுங்கினால் உண்மையான சுமை. ஸ்க்ரூவில் உமி அடைக்கிறது, மாரியில் ஈரம் ஏறிய உமி குழாய்க்குள் பாலம் கட்டி நிற்கிறது, அந்த அடைப்பைத் தீர்க்க வேண்டும். பின் வாழைப்பழம் போல வளைந்து உடைந்திருந்தால் இரண்டு ஃபிளாஞ்சுக்கும் இடையில் இடைவெளி கூடிவிட்டது. பின்னை வெட்டவில்லை, மடிக்கிறது. இடைவெளியை அரை மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள். துளை முட்டை வடிவமாகியிருந்தால் ஒவ்வொரு தொடக்கத்திலும் பின் அடி வாங்கிக் களைத்துப்போகும். துளைக்குள் கெட்டிப்படுத்திய எஃகு புஷ் போடுங்கள், பின் கையால் தள்ளினால் போகும் அளவுக்குப் பொருந்த வேண்டும்.

ஒரு விஷயத்தை எல்லோரும் மறக்கிறார்கள். பின் உடைந்த பிறகு ஹப் ஷாப்ட்டின் மேல் தாராளமாகச் சுற்ற வேண்டும். மூதூர் போலக் கடற்காற்று அடிக்கும் இடத்தில் அங்கே துரு ஏறி இறுகிவிடும். அப்புறம் பின் உடைந்தாலும் ஒன்றுதான், உடையாவிட்டாலும் ஒன்றுதான். மாதம் ஒரு தடவை பின்னைக் கழற்றி, ஹப்பைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, கிறீஸ் அடித்துவிட்டுப் பின்னைப் போடச் சொல்லுங்கள்.

ஆலை மேற்பார்வையாளர், தம்பலகாமம்: ஒரு சைஸ் பெரிய கியர்பொக்ஸ் வாங்கிப் போட்டால் பிரச்சினை தீருமா?

சுமையின் குணத்துக்கு ஏற்ற சேவைக் காரணியோடு தெரிவு செய்யாமல் விட்டிருந்தால் தீரும். ஒரே சீரான சுமைக்கு 1, நடுத்தர அதிர்வுக்கு 1.25 முதல் 1.5, கடும் அதிர்வுக்கு 1.75 முதல் 2 என்று பெருக்கித் தெரிவு செய்ய வேண்டும். சிக்கி நிற்பதற்கு அது மருந்தாகாது. பெரிய கியர்பொக்ஸ் தாங்கிக்கொண்டால் அடி அடுத்ததில் விழும். செயின், கீ, ஸ்க்ரூவின் நடுக்குழாய் என்று உடைவு இடம் மாறும், அவ்வளவுதான்.

மின் தொழில்நுட்பவியலாளர், சீனக்குடா: 7.5 கிலோவாட் கன்வேயருக்கு இன்வேட்டர் (மோட்டரின் வேகத்தை மாற்றும் மின் கருவி) போட்டுவிட்டோம், கரண்ட் எல்லை 150 சதவீதம். இனி லிமிட்டர் தேவையில்லை என்று முகாமையாளர் சொல்கிறார்.

மெதுவாக ஏறும் சுமைக்கு இன்வேட்டர் மிக நல்ல காவல். தொடக்க அதிர்ச்சியும் இல்லாமல் போகிறது, அதுவே பாதி வெற்றி. ஆனால் இன்வேட்டர் கட்டுப்படுத்துவது தான் தரும் டோர்க்கை மட்டும்தான். ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் ரோட்டரின் அடியை அது தடுக்காது. மேலே கிண்ணியா வாசகருக்குச் சொன்ன கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். பெல்ட் கன்வேயர் என்றால் பெல்ட்டே வழுக்கிக் கொடுக்கும், அங்கே முகாமையாளர் சொல்வதை ஏற்கலாம். ஸ்க்ரூ, செயின் கன்வேயர், நொறுக்கி என்றால் ஏற்க வேண்டாம்.

இன்வேட்டரில் சில அமைப்புகளை மாற்றுங்கள். சாதாரண வோல்ட்-ஹேர்ட்ஸ் முறையை விட்டு வெக்டர் முறைக்கு மாற்றி, மோட்டரை ஒட்டோ டியூன் செய்யுங்கள். அதன் பிறகுதான் டோர்க் எல்லை என்பதற்கு அர்த்தம் உண்டு. கரண்டில் பெரும் பங்கு மோட்டரின் காந்தத்துக்கே போவதால், குறைந்த சுமையில் கரண்டை வைத்து டோர்க்கை மதிப்பிட முடியாது. அதிகடோர்க் கண்டறிதலை, முழுச் சுமையில் நீங்கள் பார்த்த அளவுக்கு 20 சதவீதம் மேலே, 0.3 முதல் 0.5 செக்கன் என்று வையுங்கள். கண்டறிந்தால் எச்சரிக்கை காட்டிவிட்டுத் தொடர்ந்து ஓடும்படி இருந்தால் அதை ட்ரிப் என்று மாற்றுங்கள். மிக முக்கியமானது, தானாக ரீசெட் ஆகித் திரும்ப ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள். கல் சிக்கிய ஸ்க்ரூவை இன்வேட்டர் தானாக மூன்று தடவை, ஐந்து தடவை மோதிப் பார்ப்பதுதான் அதன் பலன். இதற்குள் யாராவது கையை விட்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பராமரிப்பாளர், நிலாவெளி: உப்புக் கழுவும் ஸ்க்ரூவில் உராய்வு வகை லிமிட்டர், 600 நி.மீ. மாரிக்கு மூன்று மாதம் நிறுத்திவைத்துவிட்டுத் திரும்ப ஓட்டினோம். ஸ்க்ரூவுக்குள் கட்டியாகிப்போன உப்பு இருந்தது. லிமிட்டர் வழுக்கவே இல்லை, செயின் அறுந்தது.

செயின் அறுந்தது உங்கள் நல்ல காலம். உராய்வுத் தட்டும் இரும்பும் மூன்று மாதம் உப்புக்காற்றில் அழுத்தி வைக்கப்பட்டால், இரும்பில் பூத்த துரு தட்டைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். 600இல் வழுக்க வேண்டியது அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொடுத்தாலும் அசையாது.

நிறுத்தும் நாளிலேயே அட்ஜஸ்ட் நட்டை முழுதாகத் தளர்த்தி, தட்டுகளுக்கு இடையில் காற்று போக விடுங்கள். நட் எத்தனை சுற்று இறுகியிருந்தது என்று பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப ஓட்டுமுன் கழற்றி, இரும்பு முகங்களை மெல்லிய எமரி தாளால் துடைத்து, தட்டுகளில் ஒயிலோ கிறீஸோ படவில்லை என்று பாருங்கள். கிறீஸ் பட்ட தட்டு சொன்ன அளவுக்கு வெகு கீழே வழுக்கும். அதைக் கண்டு இன்னும் இறுக்குவார்கள். கிறீஸ் எரிந்து காய்ந்ததும் லிமிட்டர் பூட்டுப் போட்டது போலாகிவிடும்.

அளவு வைக்க விலைகூடிய கருவி வேண்டாம். மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, ஸ்க்ரூ ஷாப்ட்டை அசையாமல் கட்டுங்கள். லிமிட்டரின் ஸ்ப்ரொக்கெட்டில் ஒரு நெம்புகோலைப் பூட்டி, மையத்திலிருந்து 1.5 மீட்டரில் 41 கிலோ தொங்கவிடுங்கள். கோல் கிடையாக இருக்கும்போது அது 600 நி.மீ. தருகிறது. கோலின் எடையையும் மறக்க வேண்டாம், அது பாதி நீளத்தில் தொங்குவதாகக் கணக்கிடுங்கள். 4 கிலோ கோல் என்றால் நுனியில் 39 கிலோ போதும். நட்டைத் தளர்விலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எடை மெதுவாக இறங்கும் நிலையும் நிற்கும் நிலையும் சந்திக்கும் இடத்தில் பூட்டு நட்டை இறுக்குங்கள். புதிய தட்டு என்றால் முதலில் சில நிமிடம் குறைந்த இறுக்கத்தில் வழுக்கவிட்டு முகம் படிய வைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

வழுக்குவதை யாராவது கவனிக்க வேண்டும். 600 நி.மீ.யில், நிமிடத்துக்கு 50 சுற்றில் லிமிட்டர் வழுக்கினால் 3 கிலோவாட்டுக்கு மேல் சூடு பிறக்கிறது, மூன்று மின் அடுப்பைப் போல. ஒரு நிமிடத்தில் தட்டு கருகும் வாடை வரும். ஸ்க்ரூ ஷாப்ட்டில் ஒரு சென்சர் வைத்து, அது நின்ற ஒரு செக்கனில் மோட்டரை நிறுத்துங்கள்.

ஐஸ் ஆலைத் தொழிலாளி, கொட்பே: ஐஸ் நொறுக்கும் இயந்திரத்தில் 40க்கு 1 வோர்ம் (திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும்) கியர்பொக்ஸ். ஒயில் மாற்றும்போது பொன் நிறத் தூள் வருகிறது. போன மாதம் சக்கரத்தின் பற்களே வழித்துப்போயின.

அந்தப் பொன் தூள் வெண்கலச் சக்கரம் தேய்ந்து கொட்டியது. கொஞ்சம் வருவது இயல்பு. ஒயிலே பொன்னாக மின்னினால் சுமை கூடிவிட்டது, இல்லையென்றால் ஒயில் தவறு. கந்தகம், பொஸ்பரஸ் சேர்த்த கடும் அழுத்த ஒயில் சில சூட்டில் வெண்கலத்தை அரிக்கும். வோர்முக்கென்று தயாரித்த 460 தர ஒயில், அல்லது தயாரிப்பாளர் சொன்னால் செயற்கைப் பொலிகிளைக்கோல் ஒயில் போடுங்கள். பொலிகிளைக்கோலையும் சாதாரண ஒயிலையும் ஒருபோதும் கலக்க வேண்டாம். கலந்தால் கஞ்சி போலக் கட்டியாகும். மாற்றுவதென்றால் உள்ளே நன்றாகக் கழுவ வேண்டும்.

சுமைக் காவலில் வோர்முக்கு ஒரு தனிக் குணம் உண்டு. குளிர்ந்து நிற்கும்போது அதன் திறன் 55 சதவீதம்போல இருந்து, ஓடிச் சூடானதும் 75க்கு ஏறும். லிமிட்டரை மோட்டர் பக்கம் வைத்துத் தொடக்கத்தில் வழுக்காத அளவுக்கு இறுக்கினால், ஓடும்போது அதே இறுக்கத்தில் சக்கரத்துக்கு 36 சதவீதம் கூடுதலாகப் போகிறது. ஆகவே வோர்மில் லிமிட்டர் வெளிப்பக்கம்தான்.

இன்னொன்று. நொறுக்கும் உருளை பாரமானது, சுழலும்போது பறக்கும் சக்கரம் போல. 40க்கு 1 வோர்மைச் சக்கரத்தின் பக்கமிருந்து சுற்றுவது கடினம். மோட்டரைப் பிறேக் போட்டு நிறுத்தினால் உருளை நிற்க மறுத்து, அசையாத வோர்மின் மேல் சக்கரத்தின் பற்களை வழிக்கும். பிறேக் மோட்டர் போட்டிருந்தால் பிறேக்கை எடுத்துவிட்டுத் தானாக ஓய விடுங்கள். அல்லது உருளைப் பக்கம் ஒருவழிக் கிளட்ச் போடுங்கள்.

கல் ஆலை ஒன்றிலிருந்து, கந்தளாய்: பெரிய கன்வேயரில் ஒயில் நிரப்பிய கப்ளிங். உருகும் பிளக் இரண்டு தடவை உருகி ஒயில் கொட்டியது. கையில் வேறு இல்லாததால் சாதாரண போல்ட் போட்டு அடைத்து ஓட்டுகிறோம்.

இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், இயந்திரத்தை நிறுத்துங்கள். கன்வேயர் சிக்கினால் கப்ளிங் உள்ளேயே வழுக்கி ஒயிலைச் சூடாக்கும். பல பிளக்குகள் 140 பாகையில் உருகி ஒயிலை வெளியே விட்டுக் கப்ளிங்கைத் துண்டிக்கும். அதை அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறிக் கப்ளிங் வெடிக்கலாம், சுழலும் நிலையில். அதே பாகை குறித்த பிளக் இரண்டை எப்போதும் கையிருப்பில் வையுங்கள். கொட்டும் ஒயில் சூடானது, சுற்றிலும் இரும்புக் கூடு இல்லாமல் ஓட்டக் கூடாது. இரண்டு தடவை உருகியதன் காரணம் அநேகமாக ஒயில் குறைவு. குறைய நிரப்பினால் ஓடும்போதே அளவுக்கு மேல் வழுக்கிச் சூடேறும், கூட நிரப்பினால் தொடக்கத்தில் அடி கூடும். கப்ளிங்கின் மேல் குறித்த கோணத்துக்கு நிரப்புத் துளையைச் சுற்றி வைத்து, ஒயில் வழியும் மட்டத்துக்கு நிரப்புங்கள்.

வாசகர், கிண்ணியா: லைன் திருத்தி மின்சாரம் வந்த அன்று எலிவேட்டரைப் போட்டதும் பெரிய சத்தம், கியர்பொக்ஸ் பிளந்தது. சுமையே இல்லை.

கட்டங்கள் (மூன்று ஃபேஸ்களின் வரிசை) மாறி வந்திருக்கின்றன, மோட்டர் மறுபக்கம் சுற்ற முயன்றிருக்கிறது. நெல் பாரத்தில் எலிவேட்டர் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் பூட்டு உங்கள் கியர்பொக்ஸில் இருக்கும். மோட்டர் முழு வலுவோடு அந்தப் பூட்டின் மேல் மோதியது. கட்ட வரிசை பார்க்கும் ரிலே ஒன்றைக் கொன்டாக்டரின் கொயில் வயரில் போடுங்கள். கியர்பொக்ஸின் விலையோடு பார்த்தால் அதன் விலை மிகச் சிறிது.

தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், திருகோணமலை: உடைந்த கியரைப் பார்த்து, ஒரே அடியில் உடைந்ததா, நாளடைவில் களைத்து உடைந்ததா என்று எப்படிச் சொல்வது?

நல்ல கேள்வி. இதற்கு விடை தெரியாமல் மேலே சொன்ன எந்தக் காவலையும் சரியாகத் தெரிவு செய்ய முடியாது.

உடைந்த பல்லை வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். முகம் முழுக்கச் சீனியை உடைத்தது போலக் கரடுமுரடாக மினுங்கினால் ஒரே அடி. பல்லின் அடிவளைவில் ஓரிடத்திலிருந்து, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல வளைந்த கோடுகள் விரிந்து, முகம் வழவழப்பாகக் கறுத்து, ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் கரடு இருந்தால் களைப்பு. அந்தக் கரட்டு மூலைதான் கடைசியாக உடைந்த இடம். அது சிறிதாக இருந்தால் சுமை பெரிதாக இல்லை, தாங்கும் அளவுக்குச் சற்று மேலே நெடுநாள் ஓடியிருக்கிறது. முகத்தில் பாதிக்கு மேல் கரடு என்றால் சுமை பெரிது. ஒரே அடிக்கு லிமிட்டர் அல்லது ஷியர் பின் மருந்து. களைப்புக்கு அவை உதவா. சேவைக் காரணி, சுமையின் அளவு, பற்கள் முழு அகலத்திலும் தொடுகின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும். உடைவு எப்போதும் பல்லின் ஒரே முனையில் தொடங்கினால் பேரிங் தேய்ந்தோ கப்ளிங் நேராக இல்லாமலோ சுமை அந்த முனையிலேயே விழுகிறது.

ஷாப்ட்டும் பேசும். முறுக்கில் ஒரே தடவையில் அறுந்த மென்மையான எஃகு ஷாப்ட்டின் முகம் குறுக்காகத் தட்டையாக இருக்கும், நடுவில் சுழி தெரியும். கடினமான ஷாப்ட் சோக்கட்டியை முறுக்கி உடைத்தது போல 45 பாகைச் சுருளாக உடையும். கீ இருக்கும் குழியின் மூலையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால், தொடக்கமும் நிறுத்தமும் அதிகம் உள்ள இயந்திரம் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம்.

உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். உரசினால் அந்தக் கோடுகள் அழிந்துவிடும். கம்பித் தூரிகையும் வேண்டாம். டீசலில் அலசி, சுத்தமான ஒயில் தடவி, பொலித்தீனில் சுற்றித் திகதி எழுதி வையுங்கள். நமது கடற்காற்றில் திறந்து வைத்த உடைவு முகத்தில் இரண்டொரு நாளிலேயே துரு ஏறி, பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.